மோட்டார்ஹோம், டிரெய்லர்: இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்

குன்னூரிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு பயணக் கையேடு தமிழில் தயாராகிறது. அதில் தங்கிப் பயணிக்கும் வண்டி இரண்டு வகை: எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்று, எஞ்சின் இல்லாமல் காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடான டிரெய்லர் மற்றொன்று. 'கேரவன்' என்று எழுத வழியில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது இழுபடும் வண்டி. நம் ஊரில் நடிகர்கள் படப்பிடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும், தானே ஓடும் வேன். 'டிரெய்லர்' என்றால் பாதிப் பேருக்குப் பட முன்னோட்டம், மீதிப் பேருக்கு டிராக்டர் பெட்டி. 'நடமாடும் வீடு' இரண்டுக்குமே பொருந்திவிடுகிறது. எதை வாங்கலாம் என்று சொல்லவரும் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எப்படி?

உந்துவீடு, இழுவை வண்டி என்று வைத்திருக்கிறேன். பெரியவர்கள் திருத்தித் தாருங்கள்.

பழனியிலிருந்து:

வணக்கம் அம்மா. 'இழுவை' இரண்டு பக்கமும் பேசும் சொல். இங்கே மலைக்கோயில் விஞ்சுக்கு இழுவை ரயில் என்று பெயர்; பெட்டியில் எஞ்சின் கிடையாது, வடம் இழுக்கிறது. கடற்கரையில் இழுவைப் படகு என்றால் அதுவே வலையை இழுப்பது. இழுப்பதா, இழுபடுவதா என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

'இழுவீடு' என்று வையுங்கள். குடிநீர் போல வினைத்தொகை. குடிப்பது நீரல்ல, நாம். இழுப்பது வீடல்ல, கார். வல்லினம் மிகாது, நாலே எழுத்து.

மோட்டார்ஹோமுக்கு 'வீட்டுந்து' சரி. பேருந்து, சரக்குந்து வரிசையில் 'உந்து' கடைசியில் நிற்கட்டும், ஏனென்றால் அது முதலில் வண்டி, பிறகுதான் வீடு. மூன்று மாதம் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கும், எஞ்சின் பட்டறைக்குப் போனால் படுக்கையும் அடுப்பும் கூடவே போகும். இழுவீடு அப்படியில்லை. கழற்றி நிறுத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போய்வரலாம். அதற்குப் பார்க்க வேண்டியது டயர், அச்சு பேரிங், பிரேக், விளக்கு வயர். சொல்லைப் பார்த்ததுமே எதைப் பராமரிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். மாட்டுவண்டியில் எல்லாம் இருக்கிறது. முன்னால் நீண்டு காரோடு சேரும் தண்டு ஏர்க்கால். சக்கரத்துக்கு அடியில் கொடுப்பது முட்டுக்கட்டை, தேருக்குப் போடுவதுதான். காரின் பின்னால் உள்ள கொக்கி மேல் ஏர்க்கால் இறக்கும் எடை முன்பாரம். இந்தச் சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வண்டி பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும் என்பது பாரம் ஏற்றியவர் எவருக்கும் தெரியும். இழுவீட்டிலும் அதே கதைதான். 1,000 கிலோ வண்டிக்கு 50 முதல் 100 கிலோ வரை முன்பாரம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் கேஸ் சிலிண்டரும் பின்கோடியில் இருந்தால் ஏர்க்கால் லேசாகிவிடும்; வேகம் கூடியதும் பெட்டி வால்போல் ஆடி, காரையும் சேர்த்து ஆட்டும். கனமான சாமான் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ, தரையோடு இருக்க வேண்டும்.

குன்னூரிலிருந்து:

நன்றி ஐயா. முன்பாரம் கண் திறந்தது. 'மனையுந்து' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். மனை இப்போது விற்பனைப் பலகையில் காலி இடமாகிவிட்டதால் வீட்டுந்தே இருக்கட்டும்.

மலைப்பாதைப் பகுதியில் சொற்களைப் போட்டு எழுதிப் பார்த்தேன்:

"குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்கவும். இழுவீட்டில் பெரும்பாலும் தள்ளுபிரேக் இருக்கும்: கார் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னால் வந்து தள்ளும், அந்தத் தள்ளலே ஏர்க்காலை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது விடாமல் பிடித்தபடியே இருப்பதால் டிரம் காயும். கார் பெடலையும் ஓயாமல் மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, பெடல் அடிவரை போய்விடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, முட்டுக்கட்டை வைத்து ஆறவிடவும். தண்ணீர் ஊற்றக் கூடாது. வளைவில் இழுவீட்டின் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஆகவே அகலமாகத் திரும்ப வேண்டும், அதாவது எதிர்த்தடத்தைத் தொட வேண்டியிருக்கும். ஏறும்போது வேறு கவலை: உதகை 2,240 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் திறன் இழக்கும். 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. அடிவாரத்தில் தொட்டியை நிரப்பி ஏற வேண்டாம்."

மலையேறுவதே நோக்கம் என்றால் குட்டையான வீட்டுந்து, ஓரிடத்தில் மாதக்கணக்கில் தங்குவதென்றால் இழுவீடு என்று கையேடு சொல்கிறது. 'தள்ளுபிரேக்' சரிதானா ஐயா? பின்னால் எடுக்கும்போது காரும் பெட்டியும் முட்டிக்கொண்டு மடங்குவதற்கும் சொல் இல்லை.

பழனியிலிருந்து:

தள்ளுபிரேக் இருக்கட்டும் அம்மா, பட்டறையில் சொன்னால் புரியும். ஒரு வரி சேருங்கள்: பழைய வகையில் ரிவர்ஸ் எடுக்கும்போது தள்ளுபிரேக்குக்குப் பூட்டு போடாவிட்டால் பெட்டி நகராது, முன்னால் கிளம்பும்முன் பூட்டை எடுத்தாக வேண்டும்.

மடங்குவதை ஆங்கிலத்தில் 'ஜாக்நைஃப்', அதாவது மடக்குக் கத்தி என்பார்கள்; அதைப் பின்பற்றிக் கத்தியைக் கொண்டுவர வேண்டாம். 'மூட்டுமடிப்பு' எனலாம். முழங்கால் மடங்குவதுபோல மடங்குவது கொக்கி மூட்டில்தான். பெட்டி இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். மடிப்பு கூடுகிறது என்றால் உடனே நிறுத்தி, முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.