கலைச்சொல்: பெயர் இருக்க மணம் மாறினால் ‘கூட்டுமாற்றம்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வாசனைத் திரவியம் ஒன்றின் பெயர் அப்படியே இருக்க, அதன் கலவை மட்டும் மாற்றப்படுவதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். அதற்கு ‘மறுவாய்பாடு’, ‘மறு உருவாக்கம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. இரண்டையும் நான் எழுதிவரும் கட்டுரையில் இட்டுப் படித்துப் பார்த்தேன், இரண்டுமே இடறுகின்றன. எங்கே இடறுகின்றன என்று காட்டுவதற்கு, பழைய பிரெஞ்சு வாசனைத் திரவியங்கள் எவ்வெவ்விதமாக மறைந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் விதம் எளிது. பிரான்சுவா கோத்தி 1917-இல் வெளியிட்ட ‘ஷீப்ர்’ இன்று தயாரிக்கப்படுவதில்லை. சைப்ரஸ் தீவின் பிரெஞ்சுப் பெயரைத் தாங்கிய அந்த மணம் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் ஒரு மணக்குடும்பம் முழுவதற்கும் குலப்பெயராக நிற்கிறது. ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே 1911-இல் தம் மகள் ரோசீனின் பெயரால் தொடங்கிய நிறுவனத்தின் மணங்களும் அவருடைய தொழில் சரிந்தபோது உடன் போயின. இவற்றுக்கு ‘நின்றுபோன’ என்ற பேச்சுவழக்குச் சொல்லே போதும். ‘வழக்கொழிந்த’ என்பதை நான் ஏற்கவில்லை. வழக்கொழிதல் என்பது பயன்படுத்துவோர் கைவிடுவதால் நிகழ்வது. இங்கே கைவிட்டவர் தயாரிப்பாளர், பயன்படுத்தியவரோ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் இரண்டாம் விதத்தில்தான். ஜாக் கெர்லென் 1919-இல் அமைத்த ‘மிட்சுகோ’ இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஷீப்ர் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மணத்துக்கு ஈரக் காட்டின் ஆழத்தைத் தந்தது ஓக் மரத்தில் படரும் ஒரு பாசி. (செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் இதுவும் ஒரே தாவரவியல் குடும்பம், உண்மையில் இரண்டுமே பாசி அல்ல, பூஞ்சையும் பாசியினமும் கூடி வாழும் உயிரிகள். ஆங்கிலப் பெயரிலும் இதே பிழை இருப்பதால், ‘ஓக்பாசி’ என்று எழுத நான் தயங்கவில்லை.) ஓக்பாசிச் சாற்றில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய வேதிப்பொருள்கள் இரண்டும் தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அவற்றைத் தடை செய்தது, அவை கலந்த பொருள்கள் 2019 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்ட் முதல் கடையிலேயே இருக்கக்கூடாது என்று விதி அமைந்தது. அதற்கு வெகு முன்பே, 1973-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நறுமணத் தொழில்துறைக் கூட்டமைப்பான இஃப்ரா, ஓக்பாசியின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே இன்று வாங்கும் புட்டியில் பெயர் அதுவே, நிறுவனம் அதுவே, உள்ளிருக்கும் கலவை வேறு. இந்த நிகழ்வுக்குத்தான் சொல் வேண்டும்.

‘மறுவாய்பாடு’ என்றால் வேதியியல் வகுப்பில் நீருக்கு எழுதும் வாய்பாடு நினைவுக்கு வருகிறது. வாசனைத் திரவியத்துக்கு உரியதோ பல மூலப்பொருள்களை எடை வாரியாகக் குறித்த பட்டியல். ‘மறு உருவாக்கம்’ என்பதை இங்கே செலவழித்துவிட்டால், அது உண்மையில் தேவைப்படும் இடத்தில் கை வெறுமையாக நிற்போம். வெர்சாய் நகரில் 1990-இல் தொடங்கப்பட்ட ‘ஒஸ்மொத்தெக்’ என்னும் மணக்காப்பகம், ஜான் பத்தூ நிறுவனத்தின் மணக்கலைஞரான ஜான் கெர்லேயோவின் முயற்சியால் எழுந்தது. நின்றுபோன மணங்களை அங்கே மூலப் பட்டியலின்படியே மீண்டும் கூட்டி, ஆர்கான் வாயுவின் காப்பில், ஒளி படாமல், 12 பாகை செல்சியசில் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு அல்ல, தாள் கீற்றில் தோய்த்து முகர மட்டுமே. அது மீட்டுருவாக்கம். கெர்லென் நிறுவனம் மிட்சுகோவில் செய்தது அதற்கு நேர் எதிர்.

என் பரிந்துரை ‘கூட்டுமாற்றம்’. சந்தனக் கூட்டு, மருந்துக் கூட்டு, மசாலாக் கூட்டு என்று பல பொருள்களை அளவறிந்து சேர்ப்பதற்குக் ‘கூட்டு’ என்னும் சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. பூசணிக்காய்க் கூட்டை யாரேனும் நினைத்துக்கொண்டால் அதுவும் இதே வினையிலிருந்து வந்ததுதான். இந்த வேரிலிருந்து கிளைகளும் எளிதாக விரிகின்றன: மாற்றத்துக்கு முந்தையது பழங்கூட்டு, பிந்தையது புதுக்கூட்டு. சேகரிப்போர் ‘விண்டேஜ்’ என்று தேடுவது பெரும்பாலும் பழங்கூட்டுப் புட்டியைத்தான். முதலில் ‘முன்கூட்டு’ என்று எழுதியிருந்தேன்; ‘முன்கூட்டியே வாங்கினார்’ என்ற வாக்கியம் வந்ததும் அதை அடித்துவிட்டேன்.

அன்புடன்.

*

ஐயா, வணக்கம்.

‘கூட்டுமாற்றம்’ நன்று, மூன்று ஐயங்கள் உண்டு. சித்த மருந்துக் கடைகளில் ‘சேர்மானம்’ என்பார்கள். அதை ஏன் எடுக்கக்கூடாது? சில மணங்கள் இணைந்து தனித்தனியே பிரித்தறிய முடியாத புது மணமாக அமைவதை, இசையிலிருந்து கடன் வாங்கிப் பிரெஞ்சுக்காரர்கள் ‘அக்கோர்’ என்கிறார்கள். அதற்கும் கூட்டு என்றால் குழப்பம் வராதா? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை ‘ஐந்து விரை’ என்று நறுமணப் பொருள்களை எண்ணிச் சொல்வதால், ‘விரைக்கூட்டு’ என்றால் துறை தெளிவாகுமே?

*

அம்மா, வணக்கம்.

சேர்மானம் என்பது சேரும் பொருள்களைச் சுட்டுகிறது. கூட்டுமாற்றத்தில் பொருள் ஒன்றும் மாறாமல் அளவு மட்டும் குறைவதும் உண்டு. இஃப்ராவின் விதிகளில் பல அளவு வரம்புகளே. ஓக்பாசியிலிருந்து அட்ரனாலை நீக்கிவிட்டு அதையே இட்டால், பட்டியலில் பெயர்கூட மாறுவதில்லை. எனவே மூலப்பொருள் பட்டியலுக்குச் சேர்மானம், அளவோடு கூடிய முழுமைக்குக் கூட்டு என்று பிரித்துக்கொள்ளலாம். அக்கோருக்கு ‘இயைபு’ பொருந்தும். ஓசைக்கும் உரிய சொல் என்பதால் பிரெஞ்சுச் சொல்லின் இசைத்தொடர்பும் கெடாது. ‘விரை’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் இன்றைய வாசகரின் மனத்தில் அதற்கு வேறு பொருள்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன.

உங்கள் கேள்விகளால் இன்னொரு தேவையும் தெரிந்தது. ஊபிகான் நிறுவனம் 1882-இல், செயற்கைக் கூமரின் என்னும் மணப்பொருளைப் பயன்படுத்தி வெளியிட்ட ‘ஃபூஜேர் ருவாயால்’ நெடுங்காலம் நின்றுபோய், 2010-இல் அதே பெயரில் புதிய கூட்டாக வந்தது. ஆடை வடிவமைப்பாளர் ஜாக் ஃபாத்துக்காக வேன்சான் ரூபேர் 1947-இல் அமைத்த ‘ஈரிஸ் கிரி’யோ, 1954-இல் ஃபாத் இறந்தபின் மறைந்து, 2018-இல் பழைய மணத்தையே எட்டிப்பிடிக்கும் முயற்சியாக வேறு பெயரில் திரும்பியது. முன்னதைப் ‘பெயர்மீட்பு’ என்றும் பின்னதை ‘மணமீட்பு’ என்றும் சொன்னால் வேறுபாடு விளங்கும்.

இவை இரண்டிலும் அடங்காதது ‘ஜாய்’. ஆன்ரி அல்மேராஸ் 1930-இல் பத்தூவுக்காகச் செய்த அந்த மணத்துக்கு, ஓர் அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் செல்வதாக விளம்பரம் சொல்லிவந்தது. (பிரான்சின் கிராஸ் நகரத்து மல்லிகை நம் பிச்சிப்பூவின் இனம், கட்டுரையில் பிச்சி என்றே எழுதியிருக்கிறேன்.) 2018-இல் பத்தூ நிறுவனம் எல்விஎம்எச் என்னும் ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டில் அக்குழுமத்தின் டியோர் நிறுவனம் ‘ஜாய்’ என்ற பெயரில் முற்றிலும் வேறொரு மணத்தை வெளியிட்டது. பத்தூவின் ஜாய் நின்றுபோனது. இதைக் கூட்டுமாற்றம் என்று எழுதினால் பிழை, ஏனென்றால் பழைய கூட்டுக்கும் புதியதற்கும் உறவே இல்லை. ‘பெயர்மாற்றம்’ என்றால் மணம் நிலைத்துப் பெயர் மாறியதாகப் பொருள்படும். நடந்தது அதன் மறுதலை. இப்போதைக்குப் ‘பெயர்ப்பறிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கலைச்சொல்லுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்பது எனக்கே தெரிகிறது. கோபம் குறைந்த சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.