மாக்ஸா சூட்டுப் புண்: மதுரையில் யாரிடம் காட்டுவது?

அம்மாவுக்கு 64 வயது. பல வருடச் சர்க்கரை நோய், பாதங்களில் உணர்ச்சி குறைவு. முழங்கால் வலிக்கு அக்குபங்சர் எடுக்கப் போன இடத்தில், ஊசி குத்தியதோடு மாக்ஸாக் குச்சியை (காய்ந்த மூலிகை இலையை உருட்டிச் செய்தது) கொளுத்திக் கணுக்காலருகே சூடும் காட்டியிருக்கிறார்கள். அது அவருக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் கொப்புளம். இப்போது உடைந்து, சுற்றிலும் சிவந்து, நீர் கசிகிறது, காய்ச்சல் இல்லை.

தண்ணீரில் கழுவி, மருந்துக்கடையில் வாங்கிய சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு தடவினோம். பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரமாகியும் ஆறவில்லை. சூடு காட்டியவரோ, "கழிவு வெளியேறுகிறது, மெட்ஃபார்மினையும் நிறுத்துங்கள்" என்கிறார். அந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம்.

மதுரையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்றே பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார்?