சோப்பு வர்றதுக்கு முன்னாடி நம்ம பொம்பளைங்க முகத்துக்கு என்னதான் போட்டாங்க?

வைகைக்கரை:
என் பொண்ணுக்கு 14 வயசு, முகம் பூரா பரு. கஸ்தூரி மஞ்சள்னு பாக்கெட் வாங்கி போட்டா தலகாணி உறை வரைக்கும் மஞ்சளாயிருச்சு, ஸ்கூல்ல ஒரே கேலி, அழுதுக்கிட்டே வந்துச்சு. எங்க அப்பத்தா என்னடான்னா "பொடிய யாரு பூசுனா, கிழங்கை உரைச்சுல்ல பூசுவோம்"ங்குது. எந்த மஞ்சள், மேலுக்கு என்ன, நலங்கு மாவுல என்னென்ன போடணும், தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்கப்பா.

ஈரோட்டு மருமக:
அக்கா, நெசமான கஸ்தூரி மஞ்சளை உடைச்சா உள்ள வெளுத்துப்போய் க்ரீம் கலர்லதானுங்க இருக்கும், மோந்தா கற்பூரம் மாதிரி வாசம், பூசுனா கறையே புடிக்காது. பளீர்னு மஞ்சளா இருந்தா அது வேற ஏதோ கிழங்கு. எங்கூர்ல தெனமும் பூசுனது குண்டு மஞ்சளுங்க. குளிக்கிற எடத்துலயே ஒரு கல்லு கெடக்கும், தண்ணி தொட்டு நாலு இழுப்பு இழுத்து வர்ற விழுதை அப்படியே மூஞ்சி, கை காலுக்கு பூசி கொஞ்ச நேரத்துல கழுவிருவாங்க, அன்னன்னிக்கு உரைக்கிறதால கலப்படத்துக்கே வழியில்ல பாருங்க. செவ்வா, வெள்ளிக்கு நல்லெண்ணெய் தேச்சு, உசில மரத்து எலைய காயவெச்சு இடிச்ச அரப்பை வடிகஞ்சியில கரைச்சு தலைக்கும் மேலுக்கும் தேச்சா பிசுக்கு பூரா போயிரும், ஆனா தோலு வறண்டு இழுக்காது. சோப்புல குளிச்சா இழுக்குதல்லங்க, அதுக்கு காரணம் சாதா சோப்போட பிஎச், அதாவது புளிப்பா காரமான்னு சொல்ற அளவு, 9, 10னு காரமா இருக்கும், நம்ம தோலு 5 பக்கம்.

குமரி பொண்ணு:
எங்க பக்கம் நல்லெண்ணெய் கம்மி, எல்லாத்துக்கும் தேங்கா எண்ணெய்தான். பச்சப்புள்ளைக்குன்னா தேங்காப்பாலை அடுப்புல வச்சு அடியில தங்கற கசண்டு சிவக்கற வரைக்கும் காய்ச்சி எடுத்த எண்ணெய், அந்த வாசம் வீடு பூரா நிக்கும். தேச்ச எண்ணெய் போறதுக்கு பயத்தமாவு. கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெயில மஞ்சள் குழைச்சு ராத்திரி பூசிட்டு படுப்பாங்க, இன்னிக்கும் எங்கம்மா அதுதான்.

மூலிகைத் தோட்டம்:
நலங்கு மாவு பத்தி நான் சொல்றேன், ஏன்னா யூடியூப்ல வர்ற லிஸ்ட்டைப் பாத்தா பயமா இருக்கு. அடிப்படை பச்சைப்பயறுதான், அதோட பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காஞ்ச ரோஜா இதெல்லாம் வாசத்துக்கும் குளிர்ச்சிக்கும். ஆனா கார்போக அரிசின்னு ஒரு மூலிகை விதை சேக்கறாங்களே, அதுல சோராலென்னு ஒண்ணு இருக்கு, அதைப் பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருத்துப்போகும். வெண்குஷ்டத்துக்கு மருந்தா வைத்தியர் பார்த்துக் குடுக்கறது அது. ஸ்கூலுக்கு வெயில்ல போற புள்ளைக்கு தயவுசெஞ்சு வேண்டாம். இன்னொண்ணு, அந்தக் காலத்துல இதையெல்லாம் செஞ்சது வெள்ளையாகறதுக்குன்னு இப்ப விக்கறவங்க சொல்றாங்க, அப்படி இல்லங்க. வேர்வை, புழுதி, அடுப்புப்புகை எல்லாம் போகணும், தோல் வெடிக்கக்கூடாது, அதுக்குத்தான். பொண்ணுக்கு பரு சீழ் வெச்சு வலிச்சா மாவு எதுவும் தேய்க்காதீங்க, தோல் டாக்டர்கிட்ட காட்டிருங்க. முகத்துல எண்ணெயும் வேண்டாம், பரு கூடும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிப்பா எல்லாருக்கும். வீட்ல இருக்கற நலங்கு மாவு பாக்கெட்டை திருப்பிப் பாத்தேன், கார்போக அரிசி எழுதியிருக்கு! தூக்கிப் போட்டாச்சு. வலி இருக்குங்கறா, டாக்டர்ட்டயே கூட்டிட்டுப் போறேன். கஸ்தூரி மஞ்சள் எனக்கு வேணும், கிழங்கா எங்க கெடைக்கும்?

ஈரோட்டு மருமக:
நாட்டு மருந்துக் கடையில கேளுங்கக்கா, வட்டவட்டமா வெட்டி காயவெச்சது இருக்கும். பொடி குடுத்தா வேண்டாம்னுருங்க. கடையிலயே ஒரு துண்டை ஒடச்சு கலரு பாத்துட்டு காசு குடுங்க.