டே ஆற்றுச் சால்மன்: பித்தளை ஃப்ளைக்கு எந்த ராடு, எவ்வளவு கிராம் லைன்?

டர்பன்கரை:
வணக்கம். மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் நாலு நாள் சால்மன் பிடிக்க இடம் கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது காரிக் என்னும் கடல் மீனுக்கு வைத்திருக்கும் 9 அடி, 9 எண் (அது எறியும் லைனின் எடை வகை) ஒற்றைக்கை ராடு, அதாவது தூண்டில் கோல். அங்கே தண்ணீர் பெருகிச் சில்லிட்டிருக்கும், 2 அங்குலப் பித்தளை ட்யூப் ஃப்ளை (பித்தளைக் குழாயில் கட்டிய போலி இரை) வேண்டும் என்கிறார்கள். இதுவே போதுமா? இரு கை ராடு வாங்கினால், இதிலுள்ள 9 எண் லைனையே அதற்கும் போடலாமா?

உம்கேனிக்கிழவன்:
ராடும் போதாது தம்பி, லைனும் ஒத்துவராது. ஒற்றைக்கை 9 எண் லைனின் முதல் 30 அடி 240 கிரெயின், அதாவது ஏறக்குறைய 15.5 கிராம். 13 அடி, 8 எண் இரு கை ராடு வளைய 35 முதல் 39 கிராம் ஹெட் (லைனின் முன்பக்கக் கனமான பகுதி) வேண்டும். இரண்டிலும் எண் போட்டிருப்பார்கள், ஆனால் அளவுகோல் வேறு. பெட்டியில் கிராமைப் பாருங்கள். கிரெயின் மட்டும் இருந்தால் 15.4 ஆல் வகுங்கள்.

ஃப்ளையைச் சுமந்து போவது லைனின் எடைதான். லேசான லைனில் பித்தளையைக் கட்டினால் அது பாதி வழியிலேயே தொங்கி, ராடில் 'டக்'கென்று இடிக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. கார்பனில் விழுந்த கீறல், பிறகு மீன் இழுக்கும்போது ராடை முறிக்கும்.

லூப்முடிச்சு:
அண்ணன் சொன்ன ராடே சரி. 15 அடி, 10 எண் அகன்ற ஆற்றுக்கு நல்லதுதான், ஆனால் புதிதாகப் பழகுபவருக்குத் தோள் போய்விடும்.

ஹெட் ஸ்காஜிட் வகையாக இருக்கட்டும். 23 அடிக்குள் எடை முழுவதும் அடங்கிவிடும், முன்பக்கம் தடிமன். ஸ்காண்டி என்ற இன்னொரு வகை ஹெட்டின் மெலிந்த நுனி சின்ன ஃப்ளைக்கு அழகு, பித்தளையைத் தூக்காது. முன்னால் 10 அடி மூழ்கும் டிப் (நுனி லைன்): டி-11 ஒன்று, டி-14 ஒன்று. டி-14 என்றால் அடிக்கு 14 கிரெயின். 10 அடிக்கு 9 கிராம். அதன் முனையில் 20 பவுண்டு நைலான், 4 அடிக்கு மேல் வேண்டாம். நீண்டால் டிப் ஆழத்தில் போகும், ஃப்ளை மேலேயே மிதந்து வரும்.

லூப்போடு லூப் கோக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சமமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று மற்றதன் கழுத்தைச் சுற்றி இறுக்கினால் அங்கேயே அறுக்கும்.

டர்பன்கரை:
நன்றி அண்ணே. போகுமுன் புல்தரையில் வீசிப் பழகலாமா? காற்று அடித்தால்?

உம்கேனிக்கிழவன்:
புல் லைனைப் பிடிக்காது, ஸ்பே வீச்சுக்கு (லைனை முழுதும் பின்னால் பறக்கவிடாமல், தண்ணீரில் ஊன்றி முன்னால் எறிவது) தண்ணீரின் பிடி வேண்டும். உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனில் வற்று நீர் ஓடும்போது போங்கள். முள்ளை வெட்டிய ஃப்ளை, கண்ணாடி, முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல்.

மூழ்கிய டிப்பை நேரே பிடுங்காதீர்கள்; முதலில் ஒரு ரோல் வீச்சு (லைனை முன்னால் உருட்டி விடுவது) போட்டு மேலே கொண்டுவாருங்கள். மேல்கை வழிகாட்ட, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுக்கட்டும். மேல்கையால் தள்ளினால் லைன் குவியலாக விழும்.

ஸ்பே வீச்சில் சில வகை உண்டு: காற்று ஆற்றின் மேல்பக்கம் நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப்-டி. கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே. இதை மாற்றிச் செய்தால் பித்தளை காதை நோக்கி வரும்.

லூப்முடிச்சு:
ஸ்பே வீச்சு ராடு மூட்டுகளை முறுக்கித் தளர்த்தும், இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் தூண்டில் முள்ளின் பின்நோக்கிய சிறு கூரை நசுக்கிவிடுங்கள். ஞாயிறன்று சால்மன் பிடிக்கவே கூடாது. உங்கள் நாலு நாளில் ஞாயிறு விழுகிறதா பாருங்கள்.