சோடியம் மஞ்சளில் ஒரு நாடகம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர்

மேடையில் ஒற்றை அலைநீள ஒளியை, அதாவது ஒரே நிறம் மட்டும் உள்ள ஒளியைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் நம் சிங்கப்பூரில் சிலராவது இருப்பீர்கள். உங்களைப் பேசவைக்கத்தான் இந்த இழை. முதலில் என் அனுபவம்.

2024-இல் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் ஒளியை வைத்துப் படைப்புகள் செய்யும் கலைஞர் ஒலாஃபர் எலியாசனின் கண்காட்சியை நடத்தியது. 1997-இல் அவர் செய்த மஞ்சள் நடைகூடமும் அதில் இருந்தது. போனவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே காலை வைத்ததும் சட்டை, கைப்பை, பக்கத்தில் நிற்பவரின் முகம் எல்லாமே மஞ்சளும் கருப்புமாக மாறிவிடும். நம் தமிழ் நாடகத்துக்கு இதைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிடித்தது.

இதற்கு வேண்டியது குறை அழுத்த சோடியம் விளக்கு. அது உமிழ்வது ஏறக்குறைய முழுவதும் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு கோடுகள்தான். இரண்டும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்கு அது ஒரே நிறம். விழுகிற ஒளியில் வேறு நிறமே இல்லாதபோது சிவப்புத் துணி எதைத் திருப்பி அனுப்பும்? வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டும்தான் மிஞ்சும். எல்இடி வருவதற்கு முன் நம் சாலைகளில் எரிந்த ஆரஞ்சு விளக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உயர் அழுத்த சோடியம். அதில் மற்ற நிறங்களும் கலந்திருக்கும். அதன் கீழே சிவப்புக் கார் மங்கலாகவாவது சிவப்பாகத் தெரிந்தது.

நாங்கள் போட்டது ஒரு சிறிய பிளாக் பாக்ஸ் நாடகம், அதாவது கருப்புச் சுவர் கொண்ட சிறிய அரங்கில் பார்வையாளருக்குப் பக்கத்திலேயே நடிப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன கணவர் திரும்பிவரவே இல்லை. செத்தாரா இருக்கிறாரா என்று கடைசிவரை தெரியாமல் வாழ்ந்த ஒரு பாட்டியின் கதை. அவருடைய நினைவுக் காட்சிகளை மட்டும் சோடியத்தில் வைக்கலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒத்திகையில் இளவயதுப் பாட்டியாக நடித்த பெண் அந்த விளக்கின் கீழ் வந்து நின்றார். நெற்றியில் இருந்த குங்குமம் சட்டென்று கருப்பாகிவிட்டது. மேலே இருந்த விபூதிக் கீற்றும் தலையில் இருந்த மல்லிகையும் பளிச்சென்று நின்றன. தாலிச் சங்கிலி தங்கமா வெள்ளியா என்று சொல்ல முடியவில்லை. பொட்டு இருக்கிறது, ஆனால் சிவப்பு இல்லை. அந்தப் பெண்ணின் நிலைமையே அதுதானே! இயக்குநர் அதற்கப்புறம் மறுப்பே சொல்லவில்லை.

இனி வேலை விவரம். இந்த விளக்கை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் மாட்டவே கூடாது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதற்குரிய பேலஸ்ட் வைத்து, டிம்மர் வழியாக வராத சாதாரண மின் இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். போட்டவுடன் மஞ்சள் வராது. முதலில் உள்ளே இருக்கும் நியான் சிவப்பாக எரியும். சோடியம் சூடாகி ஆவியாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் பிடிக்கும். அதனால் முந்தைய காட்சியிலேயே விளக்கை எரியவிட்டு, முன்னால் ஒரு தகரக் கதவை வைத்து மறைத்தோம். க்யூ, அதாவது மாற்றத்துக்கான சைகை வந்ததும் ஒருவர் கயிற்றை இழுத்துக் கதவைத் திறப்பார். சத்தம் வராமலிருக்க ஓரத்தில் ஃபெல்ட் ஒட்டியிருந்தோம். வெப்பம் வெளியேற இடம் விட்டுத்தான் மறைக்க வேண்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

உடையை நிறம் பார்த்து எடுத்தால் இங்கே கதை நடக்காது. அரக்குப் புடவையும் கரும்பச்சைப் புடவையும் ஒரே இருட்டு. வெள்ளைக் கரையும் எலுமிச்சை மஞ்சள் கரையும் ஒன்றுபோலவே மின்னும். ஆகவே கட்டம் போட்டது, பட்டைக்கரை என்று வெளுப்பும் கருப்பும் நன்றாகப் பிரிந்து நிற்கிற துணிகளாக எடுத்தோம். நிறமே இல்லாத இடத்தில் நெசவும் மடிப்பும் முகச்சுருக்கமும் அவ்வளவு கூர்மையாகத் தெரியும்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது நிறம் திரும்பி வருகிற நேரம். பக்கவாட்டில் ஒரு டங்ஸ்டன் விளக்கை (பழைய இழை விளக்கு) மிகக் குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏற்றினோம். குறைந்த அளவில் எரியும் டங்ஸ்டனில் சிவப்புதான் தூக்கலாக இருக்கும். அதனால் முதலில் உயிர்பெற்றது குங்குமம். அப்புறம் உதடு, அப்புறம் ரவிக்கை, பச்சையும் நீலமும் கடைசியில். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரிய மூச்சுச் சத்தம் எங்கள் கட்டுப்பாட்டு மேசைவரை கேட்டது.

ஒரே எதிரி, மற்ற வெளிச்சம். கொஞ்சம் வெள்ளை ஒளி கசிந்தாலும் மாயம் கலைந்துவிடும். வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கைத் தீப்பாதுகாப்பு விதிப்படி மூடவும் முடியாது, அணைக்கவும் முடியாது. அதன் ஒளி மேடையில் விழாதபடி நடிக்கும் இடத்தைத் தள்ளி அமைத்தோம்.

நடன ஆசிரியை

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது, தம்பி. நான் பரதநாட்டியத்தில் இதைச் செய்து பார்த்தேன். நடனக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விரல் நுனியில் நாம் இடுகிற அல்டா என்ற சிவப்புச் சாயம் இந்த ஒளியில் கறுத்துவிடும். பின்னால் கருப்புத் திரை இருந்தால் விரல் நுனிகள் அதில் கரைந்துபோகும். விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாக முத்திரையில் நீட்டிய கை பாதியில் வெட்டப்பட்டதுபோல் தெரிகிறது. முத்திரை போனால் அபிநயத்துக்கு என்ன மிச்சம்? அந்த ஒரு உருப்படிக்கு மட்டும் பின்னால் வெளிர்த் திரை போடச் சொன்னேன். கருத்த நுனிகள் அதன்மேல் எழுத்துப்போல் தெளிவாக நின்றன.

உதட்டுச் சாயமும் கறுத்து முகம் கடுமையாகிவிடும். சிருங்காரத்துக்கு இது ஆகவே ஆகாது என்பது என் கருத்து. சோகத்துக்கும் அச்சத்தைக் காட்டும் பயானகத்துக்கும் பொருந்தும். அதுவும் ஒரு பகுதிக்கு மட்டும். கச்சேரி முழுக்கப் போட்டால் கண்ணுக்குப் பழகி, விஷயம் செத்துவிடும்.

பாலிடெக்னிக் மாணவர்

அண்ணே, எல்இடியில் ஆம்பர் என்ற ஆரஞ்சு மஞ்சள் நிறம் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா? டிம் செய்யலாம், காத்திருக்கவும் வேண்டாம். சாதாரண விளக்கின் முன் ஜெல் என்ற நிறத்தாள் போட்டால்?

இழையைத் தொடங்கியவர்

நல்ல கேள்வி, தம்பி. மஞ்சள் ஜெல் பச்சையையும் சிவப்பையும் தாராளமாக உள்ளே விடும். சிவப்புப் புடவை சிவப்பாகவே நிற்கும், மேலே ஒரு மஞ்சள் சாயல், அவ்வளவுதான். ஆம்பர் எல்இடி அதைவிட நெருங்கி வருகிறது. ஆனால் அதன் ஒளி ஒரு கோடு அல்ல, பத்துப் பதினைந்து நானோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்இடியில் சிவப்பையும் பச்சையையும் உற்றுப் பார்த்தால் பிரித்துவிடலாம், சோடியத்தில் முடியவே முடியாது. பெரிய அரங்கில் பின்வரிசைக்கு ஆம்பர் போதும் என்று சொல்பவர்களோடு சண்டை போடமாட்டேன். பார்வையாளர் பக்கத்தில் இருக்கும் பிளாக் பாக்ஸில் நான் சோடியத்தைத்தான் வைப்பேன்.

அடர் சிவப்பு எல்இடியிலும் நிற வேறுபாடு பெரும்பாலும் போய்விடும். ஆனால் பார்ப்பவர் மனதில் உடனே பேய்க்கதை வந்து உட்கார்ந்துவிடும். ஆழ்ந்த நீலத்தில் கண் சரியாகக் குவியாது, முகம் மங்கும். மஞ்சளில் நம் கண்ணின் உணர்திறனும் கூடுதல், உருவமும் கூர்மை. இதற்கு ஈடு கிடையாது.

வீடியோ எடுப்பவர்

ஒரு வார்த்தை கேமராக்காரர்கள் சார்பில். இந்த ஒளியில் வொயிட் பேலன்ஸ் செய்ய முயலாதீர்கள், கேமரா தவிக்கும். நான் பதிவைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்தேன், குழுவினர் அதையே விரும்பினார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை விழாது. மிக முக்கியம்: நிறம் திரும்பும் க்யூவை ஸ்டேஜ் மேனேஜர் எங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாலிடெக்னிக் மாணவர்

விளக்கு எங்கே கிடைக்கும் அண்ணே? பாலஸ்டியர் சாலைக் கடைகளில் கேட்டேன், எல்லோரும் எல்இடியைத்தான் காட்டுகிறார்கள்.

இழையைத் தொடங்கியவர்

புதிது கிடைப்பது கஷ்டம்தான். பெரிய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்திவிட்டன. வெளிநாட்டில் பழைய இருப்பு வைத்திருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். 35 வாட் அல்லது 55 வாட் எடுங்கள், சிறிய மேடைக்குத் தாராளம். பெரிய வாட் விளக்குகளைக் கிடைமட்டமாகவே வைத்து எரிக்க வேண்டும், சாய்த்தால் உருகிய சோடியம் ஒரு பக்கம் ஓடிவிடும். உள்ளே இருப்பது உலோகச் சோடியம், தண்ணீர் பட்டால் வேகமாக வினைபுரியும். உடைந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். ஒத்திகை அறையில் எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என்னிடம் விளக்கு இருக்கிறது. உங்கள் நாடகத்துக்கு உடை எடுக்கும் முன் சொன்னால் பேலஸ்டோடு கொண்டுவருகிறேன். புடவை, ஒப்பனைப் பெட்டி, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாக அதன் கீழே வைத்துப் பார்த்துவிடலாம்.