நியூயார்க் புரூக்ளின் டெக் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. நியூயார்க் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேர்வு எழுதப் போறா. ஒரே தேர்வு, 8 பள்ளி. மார்க்கும், எந்தப் பள்ளி முதலில் வேணும்னு நாம எழுதிக் கொடுக்கிற வரிசையும்தான் இடத்தை முடிவு பண்ணுது. அந்த வரிசையில்தான் சண்டை. முதல் இடத்தில் ஸ்டைவசன்ட் என்று நான் எழுத, அவள் அழித்துவிட்டு புரூக்ளின் டெக் என்று எழுத, தாளே ஓட்டையாகிவிட்டது.

அவள் சொல்ற காரணம், அங்கே இருக்கிற மேஜர் முறை. கல்லூரி மாதிரி, 11ஆம் வகுப்பிலிருந்து ஏதாவது ஒரு துறையைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். இவளுக்கு ஆர்க்கிடெக்சர் மேல் கண். 1922ல் ஆண்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, ஒரு காலத்தில் உலோகத்தை உருக்கி வார்க்கிற பட்டறையே வைத்திருந்த பள்ளியாம். பெண்களைச் சேர்த்ததே 1970ல்தான். இதையெல்லாம் தேடிப் படித்து எனக்கே பாடம் எடுக்கிறாள்!

என் கவலை வேற. கேட்ட மேஜர் நிஜமாகவே கிடைக்குதா, இல்லை முதல் இரண்டு வருஷ மார்க்கைப் பார்த்துத் தள்ளிவிடுவார்களா? ஆர்க்கிடெக்சர் எடுத்த பிள்ளைகளுக்கு வீட்டுவேலை எப்படி? பிடிக்காவிட்டால் நடுவில் மாற்ற முடியுமா? அத்தனை பெரிய பள்ளியில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தொலைந்துபோகாதா?

அனுபவப்பட்ட அண்ணா, அக்கா யாராக இருந்தாலும் சொல்லுங்க. இன்பாக்ஸில் சொன்னாலும் சரி. வரிசையை இந்த வாரமே கொடுக்கணும்.