ஜோசப் எங்கே ஆன்ட்டி? – கார்ட்டூனில் பார்த்ததைப் புத்தகத்தில் தேடும் பிள்ளைகள்

மலையாடு, டர்பன்
தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் மொழி டப்பிங்கில் ஹைடி கார்ட்டூன் தொடர் பார்க்காதவர் குறைவு. 1974இல் ஜப்பானில் எடுத்தது, 52 பகுதி. அதைப் பார்த்து முடித்த சிறுமி ஒருத்தி நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஜோசப் எங்கே ஆன்ட்டி?" என்றாள். தாத்தா குடிசையில் தூங்கி வழியுமே, அந்த செயின்ட் பெர்னார்ட். மூல நாவலில், அதாவது ஜொஹானா ஸ்பைரி எழுதியதில், அப்படி ஒரு நாயே கிடையாது. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பழைய ஆன்டெனா
பிராக்கன்யான் இன்னும் மோசம், 'மூன்று மஸ்கெட்டியர்கள்' கதையை நாய்களை வைத்து எடுத்த கார்ட்டூன். தூமாவின் நாவலில் (1844) குண்டர் போர்த்தோஸ். கார்ட்டூனில் குண்டருக்குப் பெயர் ஆதோஸ். பையன்கள் மூன்றாவது அத்தியாயத்திலேயே குழம்பிவிடுவார்கள். கார்ட்டூன் நாயகி ஜூலியட் சிரித்த முகம். நாவலில் அந்த இடத்தில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் விஷத்தில் சாகிறாள். சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை வகுப்பு
அக்கா, நாய் போனால் போகிறது! கோவில் மண்டபத்தில் ஆரண்ய காண்டம் நடக்கும்போது "லட்சுமணன் போட்ட கோடு எங்கே சார்?" என்று ஒரு வாண்டு எழுந்து நிற்கிறான். வால்மீகியிலும் கோடு இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனின் இராவணன் சீதையைத் தொடவே மாட்டான்; "கீண்டான் நிலம்", குடிலோடு தரையைப் பெயர்த்துத் தேரில் வைக்கிறான். அதைச் சொன்னதும் வாண்டு பிளந்த வாயை மூடவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தொடர் முழுவதையும் காட்டிவிட்டுப் புத்தகத்தை நீட்டினால் எடுபடாது, முடிவு தெரிந்துபோச்சே. ஒரு பகுதியில் ஏழெட்டு நிமிஷம் போதும். சண்டை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அதே காட்சியைப் புத்தகத்தில் உரக்கப் படியுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தை முன்பே மடித்து வையுங்கள், தேடிக்கொண்டு நின்றால் வகுப்பு கலைந்துவிடும். டப்பிங் பெயரையும் புத்தகப் பெயரையும் பலகையில் எதிரெதிரே எழுதுங்கள். பிராக்கன்யான்தான் தார்தன்யான் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? சுருக்கப் பதிப்பு வாங்கினால் மிச்சம் வைத்த காட்சிகளைச் சரிபாருங்கள். காட்டிய காட்சியையே வெட்டியிருப்பார்கள்.

பழைய ஆன்டெனா
சண்டையில் நிறுத்தினால் பிள்ளை ரிமோட்டைத்தான் தேடும், அண்ணே. புதிரில் நிறுத்துங்கள். வெர்னேயின் 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' நாவலில் இருந்து வந்த கார்ட்டூனில் வில்லி ஃபாக்குக்கு ஒரு நாள் எப்படி மிஞ்சியது? (பலூன் கேட்பார்கள். அது 1956 சினிமா செருகியது. நாவலில் ஃபாக் பலூனில் ஏறுவதே இல்லை.) விடையை வெர்னே கணக்காகப் போட்டிருக்கிறார்: கிழக்கே ஒரு டிகிரி போனால் 4 நிமிஷம், 360 டிகிரிக்கு 1440 நிமிஷம், அதாவது ஒரு நாள். வகுப்பில் குளோப் இருந்தால் சுற்றிக் காட்டுங்கள், அந்தக் கடைசி அத்தியாயத்தை அவர்களே கேட்பார்கள்.